இழுக்கிற பாட்டு

"இன்னைக்கு அந்தப் பாட்டு வேணாம் பூபதி. பெங்களூர்லருந்து டைரக்டர் மேடம் வர்றாங்க. நல்ல பாட்டா ஒண்ணு பாடுங்கப்பா."

மேனேஜர் சௌந்தரராஜன் கெஞ்சியதில் தப்பில்லை. அந்தப் பாட்டு முழுக்க அவரைப் பற்றியதுதான்.

நாலு டன் லேத் மெஷின், இரும்புக் குழாய்களின் மேல், ஷெட் வாசல் சரிவில் நின்றது. கிரேன் உள்ளே நுழையாது. கயிற்றில் எட்டுப் பேர். மேஸ்திரி பூபதி வேதாரண்யத்துக்காரன். படகு இழுத்த பாட்டைக் கடலே இல்லாத ஓசூருக்குக் கொண்டுவந்தவன்.

மூன்று மணிக்கு ராகுகாலம். அதற்குள் பூஜை. 'மெஷின் உள்ளே நிற்காவிட்டால் நீங்கள் வெளியே நில்லுங்கள்' என்று மேடம் போனிலேயே சொல்லிவிட்டார்.

கயிற்றில் முதல் ஆளாக நின்ற ராமப்பன் கண்ணை மூடி ஒரு காதல் பாட்டை எடுத்தான். தேன் மாதிரி குரல். ஆளாளுக்குத் தலையாட்டினார்கள், ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுத்தார்கள்.

ராகம்தான் இழுபட்டது. மெஷின் அசையவில்லை.

மணி இரண்டே முக்கால். கேட்டில் கார் ஹாரன்.

"அந்தப் பாட்டையே பாடித் தொலைங்கப்பா!"

"அதுல நீங்க இருக்கீங்களே சார்?"

"இருக்கேன், இழு!" சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரும் கயிற்றைப் பிடித்தார்.

"சாரு தொப்பைய முன்னால பாரு!"

"ஐலசா!"

ஒரு முழம் நகர்ந்தது.

"செல்லுல சம்சாரம், நடுக்கத்தப் பாரு!"

"ஐலசா!"

சௌந்தரராஜன் குரல்தான் எல்லோரையும்விட உரக்கக் கேட்டது. கயிற்றில் கை இருக்கும்போது வார்த்தையை யார் கேட்கிறார்கள்? தாளம் விழுந்தால் போதும்.

கடைசி ஒரு முழம். பூபதியிடம் வரி தீர்ந்துவிட்டது. பதற்றத்தில் பாடிய வரிகூட நாக்கில் வரவில்லை, தாளம் அறுந்தது.

குழாய் மெல்லப் பின்பக்கம் உருண்டது.

வாசலில் செருப்புச் சத்தம்.

"எம்முடி இல்லடா, விக்குடா பாரு!" என்று அலறினார் சௌந்தரராஜன்.

"ஐலசா!"

மெஷின் ஜம்மென்று உள்ளே போய் நின்றது. கயிறு தளர்ந்தது.

அப்புறம்தான் அந்த வரி எல்லோர் காதிலும் விழுந்தது. எட்டுப் பேரும் மெதுவாகத் திரும்பி அவர் தலையைப் பார்த்தார்கள்.

நல்லவேளை, மேடத்துக்குத் தமிழ் தெரியாது என்று மூச்சு விட்டார் சௌந்தரராஜன்.

வாசலில் நின்ற மேடமும் அவர் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

கன்னடத்திலும் விக்குக்கு விக்குதான்.