திமிங்கல மாமா

“திமிங்கல மாமா, நான்தான் பேசறேன்!”

போனில் குரல் கேட்டதும் கேக் கடைக்காரர் கையிலிருந்த கிரீம் பையைக் கீழே வைத்தார். காலி ஐஸ்கிரீம் வாளி ஒன்றை முகத்தருகே பிடித்துக்கொண்டு, அதற்குள் குரலை இறக்கினார்.

“ஓஓஓ... யாரது, என் குட்டி மீன்தானே?”

டி.வி. விளம்பரத்தில் அவருடைய திமிங்கல ஐஸ்கிரீம் கேக் பேசுவது இந்தக் குரலில்தான். பள்ளிக்கூட வாசல்களில் பிள்ளைகள் அதேபோல் முழங்கிக் காட்டுவார்கள். கேக் பெட்டியில் இருக்கும் எண்ணுக்குச் சில வாண்டுகள் போன் செய்வதும் உண்டு. ஆனால் தினமும் சாயங்காலம் தவறாமல் கூப்பிடுவது இந்தச் சிறுமி மட்டும்தான். போன வருஷப் பிறந்தநாளுக்கு அவரே வீடு தேடிப் போய்க் கேக் கொடுத்திருந்தார். அதற்கப்புறம், ரத்தத்தில் ஏதோ கோளாறு என்று பிள்ளை படுத்துவிட்டாள்.

“மருந்து சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன் மாமா. ஒரே கசப்பு.”

“சமர்த்து! அம்மா என்ன பண்றாங்க?”

“அம்மாதான் சரியாவே சாப்பிடறதில்லை. தூங்கறதும் இல்லை.”

“அப்படியா சேதி? திமிங்கலம் கோவிச்சுக்கும்னு சொல்லு. ரெண்டு வாயாவது சாப்பிடச் சொல்லு. கடவுள் பார்த்துப்பார், கண்ணு.”

“சொல்றேன் மாமா.”

“நாளைக்குப் பிறந்தநாளாச்சே! கேக் கொண்டு வரட்டுமா?”

“வேணாம் மாமா! வராதீங்க. டாக்டர் யாரையும் உள்ளே விடக் கூடாதுன்னுட்டார்.”

போனை வைத்ததும் அவர் மனைவி சிரித்தாள். “ஊரே உங்களைத் திமிங்கலம்னுது. உங்க வயித்தைப் பார்த்தா மறுத்துப் பேசவும் முடியலை.”

அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பிள்ளை பிழைச்சு எழுந்திரிக்கணும்டி” என்றார். படுக்கும் முன் வழக்கம்போல் அந்தச் சிறுமிக்காகப் பிரார்த்தனை செய்துகொண்டார்.

மறுநாளும் மனசு கேட்கவில்லை. மருந்தால் வெந்த வாய்க்கு ஐஸ்கிரீமின் குளிர்ச்சி இதமாக இருக்குமே என்று தோன்றியது. அச்சில் உறைந்ததை எடுத்து, நீல கிரீம் பூசி, சாக்லேட் துடுப்புகள் ஒட்டினார். திமிங்கலத்தின் வாயைக் கொஞ்சம் அதிகமாகவே சிரிக்க வைத்தார். வாசலோடு கொடுத்துவிட்டு வந்துவிட்டால் போயிற்று.

கதவைத் திறந்தது அம்மா. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கேக் பெட்டியைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“நான் உள்ளே வரலைம்மா. இதைப் பாப்பாகிட்ட கொடுத்துடுங்க, போதும்.”

“பாப்பா...” அவள் பெட்டியை வாங்கவில்லை. “பாப்பா போய் ரெண்டு மாசமாச்சுங்க.”

“என்னம்மா சொல்றீங்க? நேத்து சாயங்காலம்கூட என்கிட்ட பேசினாளே!”

அவள் பெட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு அவள் வாயிலிருந்து, தினமும் போனில் கேட்ட அதே பிஞ்சுக் குரல் வந்தது.

“நாளைக்கும் என்னைச் சாப்பிடச் சொல்லுவீங்களா, திமிங்கல மாமா?”