புத்தம் புது ஜிங்க்

"பாருங்க தியோ மாமா, திரும்பவும் முழுகிட்டா! போன மாசம்தானே புதுசு மாட்டினா?"

கையில் கோகோ டீயோடு தன் படகின் விளிம்பில் நின்று கத்தினார் கான்ராய். டைரல் பே படகுத்துறையில் பாதிப் பேர் எட்டிப் பார்த்தார்கள். மீதிப் பேருக்கு இது பழகிப்போன கூத்து.

பக்கத்துப் படகின் அடியிலிருந்து அயோனி தலையை நீட்டினாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் எலி கொறித்த பிஸ்கட் போல ஒரு உலோகத் துண்டு.

ஜிங்க் எனும் துத்தநாக வளையம். படகைத் தள்ளும் விசிறியைச் சுழற்றும் ஷாஃப்டில் மாட்டுவது. உப்புத் தண்ணீர் இரும்பு, வெண்கலம் என்று பார்க்காமல் எல்லாவற்றையும் அரிக்கும். இந்த வளையம் இருந்தால் முதலில் இதைத் தின்னும், ஷாஃப்ட் பிழைக்கும். ஒன்று மாட்டினால் ஏறக்குறைய ஒரு வருஷம் தாங்க வேண்டும்.

"என் படகுல மாட்டி ஒரு வருஷம் ஆகப்போகுது. வேணும்னா போய்ப் பாருங்க, புத்தம் புதுசா இருக்கும்! இவளோடது மட்டும் ஏன் கரையுது? படகுல எங்கயோ கரன்ட் கசியுது மாமா. இன்னைக்கே இவளைத் துறையை விட்டு அனுப்புங்க. நாளைக்கு என் படகுல ஏறுற சுற்றுலாக்காரங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

துறையைப் பார்த்துக்கொள்ளும் தியோ தாடையைத் தடவினார்.

"கரன்ட் கசிஞ்சா முதல்ல அவளுக்குத்தானேப்பா அடிக்கணும்? பாட்டை முணுமுணுத்துக்கிட்டு வர்றா. ஷாக் அடிச்சவ மாதிரியா இருக்கு?"

"அவளுக்கு ஷாக் அடிச்சாலும் சிரிப்பா மாமா!"

அயோனி சிரிக்கவில்லை. துறையை விட்டுப் போனால் துறைக் கம்பத்திலிருந்து படகுக்கு வரும் மின்சாரம் கிடையாது. மின்சாரம் இல்லாவிட்டால் அவளுடைய உறைபெட்டி ஓடாது. பெட்டி நிறையத் தேங்காய்க் குச்சி ஐஸ். கடற்கரையில் அதை விற்றுத்தான் அவளும் இரண்டு பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள்.

"மாமா, நீங்களே முழுகிப் பாருங்க. என் படகுல தப்பு இருந்தா நான் இப்பவே கயித்தை அவுத்துட்டுப் போறேன்."

தியோ கம்பத்துச் சுவிட்சை அணைத்தார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். தொப்பென்று குதித்தார்.

அவளுடைய படகின் அடியில் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு கான்ராயின் படகுக்குப் போனார்.

"அங்க எதுக்கு? அங்க எல்லாம் சுத்தமா இருக்கும்!" என்று கான்ராய் தண்ணீரைப் பார்த்துப் பேசினார்.

தியோ மேலே வந்தபோது சிரித்துச் சிரித்து உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டார்.

"ஏம்ப்பா கான்ராய், உன் ஜிங்க் ஏன் நீலமா இருக்கு?"

"நான்தான் பெயின்ட் அடிச்சேன்!" கான்ராய் நெஞ்சை நிமிர்த்தினார். "அடிப்பக்கம் முழுக்க ரெண்டு கோட். ஒரு விரல் அளவு இடம்கூட விடலை. சிப்பி ஒண்ணு ஒட்டியிருக்கா சொல்லுங்க?"

"ஒட்டலை. கடலும் ஒட்டலை. பெயின்ட்டுக்குள்ள இருக்கற ஜிங்க்கை அது எப்படித் தின்னும்? காவக்காரனைப் போர்வை போத்தித் தூங்க வச்சிருக்கே. புதுசாத்தான் இருப்பான்."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கான்ராயின் டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப... என் ஷாஃப்ட்?"

"பளபளன்னு இருக்கு."

"அதெப்படி?"

தியோ கம்பத்தைக் காட்டினார். இரண்டு படகுகளிலிருந்தும் வந்த ஒயர்கள் அந்த ஒரே கம்பத்தில்தான் சொருகியிருந்தன.

"அந்த ஒயர் வழியா ரெண்டு படகும் ஒண்ணாயிடுச்சு. உன்னோட ஜிங்க் வேலை செய்யலை. அதனால உன் படகுக்கும் சேர்த்து இவளோட ஜிங்க்தான் கரைஞ்சிருக்கு. நீ பக்கத்துல வந்து கட்டுன நாள்லேருந்து."

கான்ராய் தன் படகின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். அந்தப் படகு நின்றால் அவர் வீட்டிலும் அடுப்பு நின்றுவிடும்.

தியோ துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அயோனி பக்கம் திரும்பினார். இப்போது திட்டு அவளுக்கு.

"உனக்கும் அறிவு இல்லையா பொண்ணே? இதுக்குன்னே ஒரு சின்னப் பெட்டி விக்குது. ஒயருக்கு நடுவுல மாட்டிட்டா உன் ஜிங்க் உன் படகுக்கு மட்டும்தான். ஐஸ் வித்த காசையெல்லாம் கடல்ல கரைச்சிட்டு நிக்கறே. யார்கிட்டயாவது கேட்டிருக்கக் கூடாதா?"

அயோனி படகில் ஏறி உள்ளே இறங்கினாள். பாத்திரங்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு ஒரு சின்னப் பெட்டியை எடுத்து வந்தாள். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படவில்லை.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வாங்கிட்டேன் மாமா."

"வாங்கிட்டு மாட்டாம வச்சிருக்கியா? ஏன்?"

அவள் கான்ராயை ஒரு பார்வை பார்த்தாள். கோபமாகவும் இல்லை, கேலியாகவும் இல்லை.

"அவரோட ஜிங்க் நீலமா இருக்கறதை முழுகும்போது பார்த்தேன். கார்னிவல் திருவிழா சமயத்துலயே, 'உங்க ஜிங்க்கைக் கொஞ்சம் பாருங்கண்ணே'ன்னு சொல்லிப் பார்த்தேன். 'நீ எனக்குப் படகு சொல்லித் தர்றியா'ன்னு கேட்டாரு. இதை மாட்டியிருந்தா மறுநாள்லேருந்து கடல் அவரோட ஷாஃப்டைத் தின்னிருக்குமே மாமா!"