ஏழாவது சீன்

போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளியே பிடித்திருந்தான். டைரக்டர் கண்ணபிரான் கத்தவில்லை. அவருக்குக் குரலே அப்படி.

ஏழாவது சீனில் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அது அவனுக்கே தெரியவில்லை என்பதுதான் உண்மை.

சீரியலில் இந்த வாரம் அப்பா செத்தாக வேண்டும். அப்பாவாக நடித்தவர் வேறு சேனலுக்குத் தாவிவிட்டார். அதனால் லாரி விபத்து. அம்மா தன் மகளை உட்காரவைத்து விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் சீன்.

அவன் வசனம் எழுதுகிறவன். பன்னிரண்டு வருடத்தில் முப்பது பேரையாவது கொன்றிருப்பான். ஒன்றுக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனதில்லை. இந்த ஒன்று மட்டும் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. கடைசியில், தன் வீட்டில் நடந்ததை அப்படியே எழுதி வாட்ஸப்பில் தள்ளிவிட்டான்.

அம்மா சொல்கிறாள். மகள் சரி என்கிறாள். பிறகு, ஷூவைக் கழற்றட்டுமா என்று கேட்கிறாள்.

"சார், குழந்தைக்கு ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்குவாங்க சார்" என்றார் கண்ணபிரான்.

அவன் சிரித்துவைத்தான்.

அவன் மனைவி போய் நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. கண்ணபிரான் மாலையோடு வந்து மயானம்வரை கூடவே இருந்தார். நல்ல மனுஷன். ஆனால் ஷூ விஷயம் அவருக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

ஆஸ்பத்திரியில், பைக் நிறுத்துமிடத்தில் வைத்துத்தான் மகளிடம் சொன்னான். நிறைமதிக்கு எட்டு வயது. பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தாள். அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அம்மா நம்மை விட்டுப் போய்விட்டாள் என்றான்.

சீரியலில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். செத்துப்போனார் என்று எழுதினால் சேனலில் அந்த வார்த்தையை அடித்துவிடுவார்கள். ஜனங்கள் சாப்பிடுகிற நேரமாம். அவன் வாய்க்கும் அதுவே பழகிப்போயிருந்தது.

நிறைமதி சரிப்பா என்றாள். ஷூ கடிக்கிறது, கழற்றிக்கொள்ளட்டுமா என்றாள்.

அவன்தான் கழற்றிவிட்டான்.

அதன் பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பள்ளிக்குப் போகிறாள். சாப்பிடுகிறாள். தூங்குகிறாள். இவளுக்குப் புரிந்ததா? புரிந்தும் உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டாளா? இல்லை, ஒன்றுமே தோன்றவில்லையா? கடைசிக் கேள்வியை நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொள்வான். மறுநாளும் அதையே நினைப்பான். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அவளிடமே கேட்டுவிடலாம். தைரியம் இல்லை.

அரை மணி நேரத்தில் சீனை மாற்றி எழுதிக் கொடுத்தான். தட்டு கீழே விழுகிறது. மகள் காதைப் பொத்திக்கொண்டு பொய் பொய் என்று அலறுகிறாள். அப்பாவின் சட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கதறுகிறாள். மயங்கி விழுகிறாள். கேமராவில் முகத்தை மூன்று பக்கத்திலிருந்து காட்டிக்கொள்ளலாம்.

கண்ணபிரானுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

நடித்த சிறுமி கிளிசரின்கூட இல்லாமல் ஒரே டேக்கில் அழுது முடித்தாள். மொத்த யூனிட்டும் கைதட்டியது.

அவனும் தட்டினான்.

எப்போது ஒளிபரப்பாகிறது என்பதை மறந்தே போனான். தன் வீட்டிலும் ஒரு டிவி இருக்கிறது என்பதையும்.

இரண்டு வாரம் கழித்து, சாயங்காலம் ஏழரை மணிக்கு வீட்டுக்குள் நுழைகிறான். டிவியில் தட்டு விழுகிறது.

சமையலறையில் அவன் அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நிறைமதி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். டைட்டிலில் அப்பா பெயர் வருவதைப் பார்ப்பதற்காகவே அவள் தினமும் இந்த சீரியலைப் போடுவாள். பெயர் வந்ததும் போய்விடுவாள். இன்று போகவில்லை.

ரிமோட்டைத் தேடினான். அது அவள் மடியில் இருந்தது.

திரையில் சிறுமி அலறினாள், கதறினாள், விழுந்தாள். விளம்பரம் வந்தது.

நிறைமதி டிவியை அணைத்தாள். அவனைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை, துக்கம் இல்லை. வீட்டுப்பாடத்தில் ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டால் வருமே, அந்த முகம்.

"நான் அப்படி அழலையேப்பா."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். எல்லாரும் அப்படி அழ வேண்டியதில்லை, அது சும்மா நடிப்பு என்றான். அவள் கேட்டுக்கொண்டாள். நம்பியதாகத் தெரியவில்லை.

"நீங்கதானப்பா எழுதினீங்க?"

ஆமாம் என்றான்.

அவள் ரிமோட்டைத் தரையில் வைத்தாள்.

"அப்ப இன்னொரு வாட்டி சொல்லுங்க. இந்த வாட்டி சரியா அழுதுடறேன்."

முழங்கால் மேல் இரண்டு கைகளையும் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து காத்திருந்தாள். சமையலறையில் தோசை புரட்டும் சத்தம் நின்றிருந்தது.

அவனுக்கு நாளொன்றுக்கு முப்பது பக்கம் எழுதுகிற கை. ஒரு வரி கிடைக்கவில்லை. விட்டுப் போய்விட்டாள் என்று தொடங்கப் போனான். அது சீரியல் வசனம்.

"அம்மா செத்துப்போயிட்டாம்மா" என்றான்.

இத்தனை நாளில் அதை அவன் வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. சொன்னது தன் காதில் விழுந்த பிறகுதான் அவனுக்கு என்னவோ ஆயிற்று. தோள் குலுங்கியது. மூக்கிலும் வாயிலும் நீர் வழிந்தது. சத்தம்கூட அசிங்கமாகத்தான் வந்தது.

நிறைமதி வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்ல நகர்ந்து வந்து, பாவாடை நுனியால் அவன் மூக்கைத் துடைத்தாள்.

"நீங்க இல்லப்பா" என்றாள். "நான்தான் அழணும்."

அவன் தலையாட்டினான். நிறுத்தத்தான் முடியவில்லை.