இரண்டு பக்கமும் வடக்கு

1973 மார்கழி. டொராண்டோவின் யூனியன் ஸ்டேஷன் வந்ததும் கமலவல்லிக்கு ஒரே குழப்பம்.

"ஏன்னா, இந்தப் பக்க ரயிலும் வடக்கே, அந்தப் பக்க ரயிலும் வடக்கேன்னு போட்டிருக்கே. எதுல ஏறறது?"

தேசிகனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "பாதாள ரயில் பாதை 'ப' எழுத்து மாதிரி வளைஞ்சிருக்கு. இந்த ஸ்டேஷன் அடிக்கோட்டுல இருக்கு. எந்தப் பக்கம் கிளம்பினாலும் வடக்கேதான் போகும். நமக்கு வலது பக்கக் கோடு. அஞ்சாவது ஸ்டேஷன்ல இறங்கு."

கமலவல்லி ஸ்டேஷன்களை எண்ணிக்கொண்டே போனாள். "இறங்கியாச்சு. பாமா ஆபீஸும் வந்துடுத்து."

"மாமி, உள்ளே வரலாமா?"

அடுத்த வீட்டுக் கோதைநாயகி வாசலில் நின்றாள். தரையில் விரித்திருந்த வரைபடத்தைப் பார்த்ததும், "பொண்ணைப் பார்க்கக் கனடா கிளம்பறேளா? எப்போ?" என்றாள்.

"எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாதேடி" என்று சிரித்த கமலவல்லி, வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுக் கைகழுவப் போனாள்.

தேசிகன் நிதானமாக விளக்கினார்.

"பாமா அந்த ஊர்ல தனியாப் போறாளேங்கற கவலையில இவ ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டா. இங்க திருவள்ளூர்ல சாயங்காலம் ஆறரைன்னா அங்க காலம்பற எட்டு. அவ ரயிலேறற நேரத்துக்கு இவளும் மேப்ல ஏறிடறா. பொண்ணை ஆபீஸ் வாசல்ல விட்டுட்டு வந்தா, இவளுக்குச் சாதம் இறங்கறது."