ஓட்டுச்சீட்டு தமிழில்தான்

"பிம்ப்ரியில நூறு குடும்பம், அதுக்கு ஒரு ஓட்டு. விஷ்ராந்த்வாடியில பத்துக் குடும்பம், அதுக்கும் ஒரு ஓட்டா? என்ன சார் நியாயம் இது?"

ஆர்தர் மேஜையைத் தட்டிய தட்டில், தமிழ்ச் சங்கத் தலைவர் சந்திரமௌலியின் தேநீர் தளும்பியது. பிம்ப்ரி, போசரி, விஷ்ராந்த்வாடி என்று பேட்டைக்கு ஒரு பிரதிநிதி. அந்த மூவர் கூடித்தான் தலைவரைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் இருவர் சந்திரமௌலியின் கைக்குள். பிம்ப்ரியே திரண்டு ஆர்தர் பின்னால் நின்றும் பயனில்லை.

"நாட்டுக்கு ராஷ்டிரபதியையே எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும்தானே தேர்ந்தெடுக்கறா? நீரும் நானுமா ஓட்டுப் போடறோம்?" என்றார் சந்திரமௌலி.

"டெல்லியிலேயே ஜனங்க ஓட்டுப் போட்டு ஆட்சியைக் கவுத்தாச்சு. நம்ம தலைவரை நாமளே தேர்ந்தெடுக்கக் கூடாதா?"

கூட்டம் கைதட்டியது. இனி முரண்டு பிடித்தால் மானம் போகும். நாற்காலியை விடவோ மனசில்லை. ஆர்தரின் பலமே பிம்ப்ரி இளசுகள்தான். அதுகள் இந்தியில் சண்டை போடும், மராத்தியில் சிரிக்கும், தமிழில் ஓர் எழுத்து வாசிக்காது. சந்திரமௌலிக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"சரி, எல்லாரும் போடட்டும். ஆனா ஓட்டுச்சீட்டு தமிழ்லதான். சின்னம் கின்னம் கிடையாது. தமிழ் படிக்கத் தெரியாதவனுக்குத் தமிழ்ச் சங்கத்துல என்ன ஓட்டு?"

ஆர்தர் தலையைச் சொறிந்தார். "சீட்டுல யார் பேர் சார் மேல?"

"தலைவர் பேர்தான்."

"அப்ப நான் கீழ. சரி சார்."

மீன் தானாக வலையில் விழுந்ததென்று சந்திரமௌலி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஓட்டெடுப்பு. ஒரே ஓர் ஓட்டில் ஆர்தர் தலைவர்!

வீட்டுக்கு வந்தும் சந்திரமௌலிக்கு மனசு ஆறவில்லை. "அந்தப் பசங்க எப்படியோ குத்தித் தொலைச்சுட்டா. ஆனா நம்ம ஆள்ல எவனோ ஒருத்தன் காலை வாரியிருக்கான்! அந்தப் போசரிப் பிரதிநிதி சுந்தரராமனாத்தான் இருக்கும்!"

வெற்றியைக் கொண்டாடப் பேடா வாங்கி வந்த மகள் ஆனந்தவல்லி வாசலிலேயே விழித்தாள்.

"தோத்துட்டியா? நான் சரியாத்தானே குத்தினேன்பா! எனக்குத்தான் தமிழ் படிக்க வராதே, அதான் வரிசையில முன்னாடி நின்ன பிம்ப்ரிப் பொண்ணைக் கேட்டேன். கீழ இருக்கற பேர்ல குத்தச் சொன்னா!"