கடைசி விளைமீன்

லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலுள்ள தமிழ்க்கடையின் மீன் பகுதியில் ஒரேயொரு விளைமீன்தான் மிச்சம் இருந்தது. வரிசையில் சிவரூபினி முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் கிழவர் சபாரத்தினம்.

"தம்பி, அதை எனக்குப் போடுங்கோ. மகளைப் பாக்க ஜெர்மனியிலயிருந்து மாப்பிள்ளை வீட்டார் மத்தியானம் வருகினம்," என்றாள் சிவரூபினி.

மீன் வெட்டுகிற பிரியந்தன் மீனைத் தூக்கினான்.

"பொறு தம்பி," என்றார் சபாரத்தினம். "இது மரபணு மாத்தின மீனோ?"

"இல்லை அண்ணை, கடல் மீன்."

"மாத்தேல்லையெண்டு எங்கை எழுதியிருக்கு?"

"மாத்தாத மீனிலை ஏன் அண்ணை அதை எழுதுறது?"

"எழுதாட்டி என்னெண்டு நம்புறது? நான் கிழவன், திண்டிட்டுச் செத்தாலும் பரவாயில்லை. பிள்ளை, சம்பந்தம் பேச வாற சனத்துக்கு வயித்துக்கு ஏதும் ஆச்செண்டால் உன்ரை மகளின்ரை காரியமெல்லோ குழம்பும்?"

சிவரூபினியின் முகம் மாறியது.

"எனக்கு மீன் வேண்டாம் தம்பி. ஆட்டிறைச்சி வாங்கிறன்."

அவள் கடை வாசலைத் தாண்டும்வரை சபாரத்தினம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விளைமீனைக் காட்டினார்.

"குழம்புக்கு வெட்டு. தலையை ரெண்டாப் பிள."

பிரியந்தன் கத்தியோடு அப்படியே நின்றான்.

"இப்பதானே அண்ணை நம்பேலாதெண்டு சொன்னனீங்கள்?"

"நான் கேள்விதானே கேட்டனான். கேக்கிறது வாங்கிறவன்ரை உரிமை."

"போன சனிக்கிழமை கடைசி நண்டுக்கும் இதைத்தானே கேட்டனீங்கள்?"

"ஓம்," என்றார் சபாரத்தினம். "அது நல்ல நண்டு."