வருஷத்துக்கு ஒரு சவாரி

ஓட்டுகிற சீட்டில் ஜுனைதீன் முதலாளி. இடது பக்கத்தில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் கந்தப்பன், மடியில் தோல் பை. பின் சீட்டில் ஆள் இல்லை. முதலாளியின் காலஞ்சென்ற மனைவி ஸித்தி ஸுபைதா வழக்கமாக உட்காரும் மூலையில் அவருடைய குடை மட்டும் சாய்ந்து கிடந்தது.

முதலாளி இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, பார்வையை நேரே வைத்துக்கொண்டுதான் பேசினார். வெளியே தெமோதரை மலையில் மழை கொட்டியது. அவர் வைப்பரைப் போடவில்லை. மூச்சுப் படிந்து மங்கிய கண்ணாடியைக் கைக்குட்டையால் உள்ளேயிருந்து துடைத்துக்கொண்டார்.

"வீட்டுக்குள்ள இருந்து கதைச்சா சொவரெல்லாம் திருப்பிக் கதைக்குது, கந்தப்பன். காருக்குள்ளண்டா அந்தத் தொந்தரவு இல்ல."

பதுளை பஜாரில் இருந்த புடவைக்கடையை விற்றுவிட்டு இந்த மேட்டு வீட்டுக்கு வந்தவர் அவர். மகன் சவூதியில், மகள் கொழும்பில். கந்தப்பனின் மனைவி மக்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள். பின்னால் வருவதாகச் சொன்ன கந்தப்பன் போகாமலே இருந்துவிட்டார்.

வருஷத்துக்கு ஒரு முறை, இன்சூரன்ஸ் முடிகிற மாதத்தில், இந்த ஒஸ்டின் காருக்காக அவர் பதுளையிலிருந்து பஸ் ஏறி வருவார். பேச்சு காரில் தொடங்கி எங்கெங்கோ போய், கடைசியில் பிள்ளைகளின் கடிதம் வந்ததா என்பதில் வந்து நிற்கும்.

இந்த வருஷம் கம்பெனியின் நோட்டீஸ் கந்தப்பனுக்கு முன்னாலேயே தபாலில் வந்திருந்தது. கட்ட வேண்டிய தொகை நன்றாகக் கூடியிருந்தது. முதலாளி அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்.

"ஒரு தரமாவது நட்டஈடு கேட்டிருக்கனா? அந்த எருமை இடிச்சி மட்காட் நெளிஞ்சதுக்கே கேக்கல்ல. இத்தன வருஷம் ஒரே எடத்துல இருந்ததுக்கு இதுவா பரிசு?"

"பழைய ஆளு எங்கயும் போக மாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சுங்க மொதலாளி. அப்பறம் எதுக்குக் கொறைப்பாங்க? கொறைக்கிறதெல்லாம் புதுசா வர்றவருக்குத்தான்."

சொல்லிவிட்டுக் கந்தப்பன் தன் பையிலிருந்து நனையாத தாள் ஒன்றை எடுத்தார். பதுளையில் கிளை திறந்திருக்கும் வேறொரு கம்பெனியின் விளம்பரம். அங்கே போனால் ஏறக்குறையப் பாதிதான் ஆகும், மாறிக்கொள்ளுங்கள் என்றார். ஒரே நிபந்தனை, காரை ஒரு தடவை பதுளைக்கு ஓட்டிக்கொண்டு போய் அவர்களுக்குக் காட்ட வேண்டும்.

முதலாளி மழையைக் காட்டினார். மழை விட்டதும் போகலாமே என்றார் கந்தப்பன். மழை விட்டால் தேயிலைக் கொழுந்து லொறிகள் குறுக்கே வரும் என்றார் முதலாளி. கந்தப்பன் மேலே வற்புறுத்தவில்லை.

"நான் அங்கிட்டுப் போனா உங்களுக்குக் கொமிஷன் இல்லயே?"

"அதப் பத்தி யோசிக்காதீங்க." கந்தப்பன் தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

முதலாளி மாறிவிட்டால் இந்த மேட்டில் ஏறி வர அவருக்கு வேலை இல்லை. அது இருவருக்கும் தெரியும்.

"வாணாம்," என்றார் முதலாளி. "பழகின எடத்த விட்டுட்டுப் போறது எனக்கி சரிவராது. காசு கூடினாக் கூடட்டும். இந்தாங்க செக்கு, எப்பவும் போலக் கொண்டு போய்க் கட்டுங்க."

கந்தப்பன் கையை நீட்டவில்லை. "இந்தத் தடவ தபால்லயே அனுப்பிருங்க மொதலாளி. பைக்குள்ள மழை எறங்குது."

ஸ்டியரிங்கின் மேல் ஓர் அட்டையை வைத்துக்கொண்டு, கந்தப்பன் சொல்லச் சொல்ல முதலாளி எழுதினார். காரின் இலக்கத்தையும் பத்திரத்தின் இலக்கத்தையும் குறித்து, வழமைபோல மேலும் ஒரு வருடத்துக்குப் புதுப்பித்துத் தருமாறு கேட்டுக் கையெழுத்திட்டார். காசோலையை உள்ளே வைத்து உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து ஒட்டினார். ஒட்ட வேண்டிய முத்திரை கந்தப்பனின் சட்டைப் பையில் இருந்தது.

தோட்டத்துத் தபால்காரர் மாடசாமி, சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மேட்டுப் பாதையில் வந்துகொண்டிருந்தார். முதலாளி கண்ணாடியை இறக்கிக் கடிதத்தை நீட்டினார். மாடசாமி அதை வாங்கிப் பைக்குள் பத்திரப்படுத்திவிட்டு, குனிந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தக் காரோட இஞ்சின் ஹாலிஎல டவுன் மில்லுல மொளகா அரைச்சுக்கிட்டுக் கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் எந்த ஊருக்குங்க பயணம்?"

சிரித்துக்கொண்டே அவர் ஸ்டேஷன் பக்கம் இறங்கினார். பை முதுகில் ஆடி ஆடிப் போய், வளைவில் மறைந்தது.

முதலாளி கண்ணாடியை மெதுவாக ஏற்றினார். கைகள் ஸ்டியரிங்குக்கே திரும்பின. பார்வையும் நேரேதான் இருந்தது.

"கார் இல்லண்டு சொல்லியிருந்தா நீங்க வந்திருப்பீங்களா, கந்தப்பன்?"

கந்தப்பன் பையின் வாரைச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

"என்னையக் கம்பெனி வேலைய விட்டு நிப்பாட்டி ஒரு வருசமாச்சுங்க, மொதலாளி."